மார்பக இம்பிளான்ட்டை எடுக்க மருத்துவ உதவி: முதல் சந்தேகத்திலிருந்து கடைசி ரிப்போர்ட் வரை

அக்காவுக்கு 2011ல் மார்பகப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் சிலிகான் இம்பிளான்ட் (மார்பு உருவத்துக்காக உள்ளே வைக்கும் ஜெல் பை) வைத்தார்கள். ஒன்பது வருஷம் அது பாட்டுக்கு இருந்தது. 2021 கடைசியில் ஒருநாள் ராத்திரி, "இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கவே முடியலடி, கல்லு வச்ச மாதிரி இருக்கு" என்றாள். அதை எடுத்து முடிக்க எங்களுக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் அவள் இருந்தது இரண்டரை மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, எந்தக் காகிதம் வேண்டும் என்று தெரியாமலே கரைந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புற்றுநோய்க்குப் பிறகு வைத்துக்கொண்டவர்கள், அழகுக்காக வைத்துக்கொண்டவர்கள், திருநங்கையர் என எல்லாருக்கும் இது பொருந்தும். "நீங்களா ஆசைப்பட்டு வச்சுக்கிட்டது, இப்ப எடுக்கணும்னா எப்படி?" என்று யாராவது கேட்டால் கூசிப்போக வேண்டாம். இம்பிளான்ட் ஆயுள் முழுக்க இருக்கிற பொருள் இல்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏவே சொல்லியிருக்கிறது. அது தரும் கணக்குப்படி, அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும், புற்றுநோய்க்குப் பிறகு வைத்துக்கொண்டவர்களில் இரண்டில் ஒருவருக்கும்கூட, பத்து வருஷத்துக்குள் எடுக்க வேண்டி வரலாம். எடுப்பது வழக்கத்தில் உள்ள சிகிச்சைதான்.

அவசரமா, அவகாசம் இருக்கிறதா?

சில அறிகுறிகள் வந்தால் இதைப் படித்து முடிக்கக்கூடக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு மார்பு சிவந்து சுடுகிறது, தையல் போட்ட இடத்திலிருந்து நீரோ சீழோ வருகிறது, தோல் மெலிந்து உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று அவ்வளவு சத்தம் போடாது. ஆபரேஷன் முடிந்து வருஷக்கணக்கான பிறகு ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது, அல்லது அங்கே கட்டி தட்டுப்படுவது. இம்பிளான்ட்டைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதால் பெரும்பாலும் இந்த வீக்கம் வரும். இதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. ஆனால் பிஐஏ-ஏஎல்சிஎல் என்ற அரிய வகை லிம்போமா முதலில் இப்படித்தான் காட்டிக்கொள்ளும். இது மார்பகப் புற்றுநோய் இல்லை. இம்பிளான்ட்டைச் சுற்றி உடம்பே கட்டிக்கொள்ளும் உறையில் வருகிற, நோய் எதிர்ப்பு செல்களின் புற்று. பெரும்பாலும் மேற்பரப்பு சொரசொரப்பான இம்பிளான்ட்டுகளோடுதான் சேர்ந்து வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்து, இம்பிளான்ட்டையும் உறையையும் முழுதாக எடுத்தால் அநேகருக்குக் குணமாகிவிடும். அதனால் "நீர் கோத்திருக்கு, சிரிஞ்சில் உறிஞ்சிட்டா சரியாப் போயிடும்" என்று சொல்லி அந்த நீரைக் கொட்டிவிட விடாதீர்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். "செல் பரிசோதனையும் சிடி30 பரிசோதனையும் செய்யணும்" என்று நீங்களே சொல்லலாம். இதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், வாயில் நுழையாது.

இறுகிப்போனது, வலி, வடிவம் மாறியது, கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம், வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவற்றுக்கெல்லாம் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த அவகாசத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதுதான் அடுத்த வேலை.

1. முதலில் காகிதம்

டாக்டரைத் தேடுவதற்கு முன் உங்களுக்குள்ளே இருப்பது என்ன என்று தேடுங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை சிசி, சிலிகானா சலைனா (உப்புநீர் நிரப்பியது), மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, தசைக்கு மேலா கீழா, எந்த வருஷம். இம்பிளான்ட் பெட்டியோடு சீரியல் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், ஒன்றை நோயாளியிடம் கார்டாகக் கொடுப்பார்கள், அல்லது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டுவார்கள்.

நாங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் அக்காவுக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போய் நின்றோம். ரெக்கார்டு ரூமில், "பழைய ஃபைலெல்லாம் அழிச்சாச்சும்மா" என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் 2002ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதே விதியில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது: நோயாளி பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் ஒரு வெள்ளைத்தாளில் பெயர், ஐபி (உள்நோயாளி) நம்பர், தேதி எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்று சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆபரேஷனாக இருந்தாலும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள், சில இடங்களில் பத்து வருஷத்துக்கு மேலும் வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டியது ஆபரேஷன் நோட்ஸ். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது.

எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது வீட்டிலேயேதான். பீரோவில் பத்திரத்தோடும் பழைய ரேஷன் கார்டோடும் ஒரு மஞ்சப்பையில் கிடந்த டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கத்தில் விரல் அகல ஸ்டிக்கர் ஒன்று. மேல் ஓரம் பழுத்து உரிந்திருந்தது. சீரியல் நம்பர் மட்டும் தெளிவாக இருந்தது. அதை உடனே போனில் படம் எடுத்து எங்கள் மூன்று பேருக்கும் அனுப்பினாள் அக்கா.

இந்த நம்பருக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பிரான்ஸின் பிஐபி கம்பெனி, மருத்துவத்துக்கு அனுமதியில்லாத தொழிற்சாலை சிலிகானை நிரப்பி விற்றது 2010ல் அம்பலமானது. 2011 டிசம்பரில் பிரான்ஸ் அரசு சுமார் 30,000 பெண்களிடம் இம்பிளான்ட்டை எடுத்துவிடுங்கள் என்றது. கம்பெனியை ஆரம்பித்த ழான்-குளோத் மாஸுக்கு 2013ல் நான்கு வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2019 ஜூலையில் அலெர்கன் கம்பெனி தன் பயோசெல் சொரசொரப்பு வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உங்களுடையது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த ஸ்டிக்கர்தான் வழி. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பயோசெல் என்று தெரிந்ததும் பதறி எடுக்க ஓட வேண்டியதில்லை. எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் இதற்காக மட்டும் எடுக்கத் தேவையில்லை என்பதே எஃப்டிஏவின் நிலை. ஆனால் அது உள்ளே இருப்பது உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காகிதம் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் வழி அடைபட்டுவிடாது. ஸ்கேனில் வகை ஓரளவு தெரியும். பெரும்பாலான இம்பிளான்ட்டுகளின் பின்பக்கத்திலேயே கம்பெனி அடையாளம் பதிந்திருக்கும், எடுக்கும்போது பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

2. எந்த டாக்டர்

பிளாஸ்டிக் சர்ஜனைத்தான் பார்க்க வேண்டும். எம்எஸ் முடித்து எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதற்குச் சமமான டிஎன்பி படித்தவர். "காஸ்மெட்டிக் கிளினிக்" என்ற போர்டு பட்டம் ஆகிவிடாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இதில் யாரும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. புற்றுநோய் வந்தவர்கள் ஆன்காலஜிஸ்ட்டையும் (புற்றுநோய் டாக்டர்) கூடவே வைத்துக்கொள்ளுங்கள்; வலியும் கட்டியும் இம்பிளான்ட்டால்தானா, நோய் திரும்பியதா என்பதை அவர்தான் முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வைத்த டாக்டரிடமே போகலாமா? அவருக்கு உள்ளே என்ன செய்தார் என்று தெரியும், அது பெரிய வசதி. ஆனால் "எடுத்துட்டு வேற வச்சுக்கலாம்" என்பதிலேயே நின்றுகொண்டு, எடுப்பதைப் பற்றிப் பேசவே விடவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். பெங்களூரு, பாங்காக் என்று வெளியூரில் வைத்துக்கொண்டவர்கள் திரும்ப அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை.

செலவு செய்ய முடியாதவர்களுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, கீழ்ப்பாக்கம், மதுரையில் ராஜாஜி ஆகியவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. ஸ்டான்லியில் 2018ல் மார்பகச் சீரமைப்புக்கென்றே இலவசக் கிளினிக் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சிஎம்சியிலும் இந்தத் துறை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்கி, நேராகப் பிளாஸ்டிக் சர்ஜரி ஓபி எந்தக் கிழமை என்று கேளுங்கள். பல இடங்களில் எல்லா நாளும் இருக்காது. எந்தத் துறைக்குப் போவது என்றே குழப்பமாக இருந்தால் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

குறைந்தது இரண்டு பேரிடம் கருத்துக் கேளுங்கள். நாங்கள் மூன்று பேரைப் பார்த்தோம். முதலாமவர் ஐந்து நிமிஷத்தில் தேதி கொடுத்தார். இரண்டாமவர் இதெல்லாம் மனப்பிரமை என்றார். மூன்றாமவர் அக்காவைப் படுக்கவைத்து, உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒரு ஸ்கேன் பாத்துருவோம்மா, அப்புறம் பேசுவோம்" என்றார். அவரிடம்தான் செய்துகொண்டோம்.

3. ஸ்கேன்: எதைக் கேட்டு எடுப்பது

சலைன் இம்பிளான்ட் உடைந்தால் ஓரிரு நாளில் மார்பு சப்பிப்போகும், ஸ்கேனே தேவைப்படாது. சிலிகான் ஜெல் அப்படியில்லை. கிழிந்தாலும் ஜெல் பெரும்பாலும் உறைக்குள்ளேயே நிற்பதால் வெளியே ஒன்றும் தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கும். அதனால்தான் சிலிகான் வைத்தவர்கள் 5 அல்லது 6 வருஷத்தில் முதல் முறையும், பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுக்கச் சொல்கிறது எஃப்டிஏ. அக்காவுக்கு இதை யாரும் சொல்லவே இல்லை.

அல்ட்ராசவுண்டில் தொடங்கலாம், செலவு குறைவு, நீர் கோத்திருந்தால் நன்றாகத் தெரியும். கிழிந்திருக்கிறதா என்று உறுதியாகச் சொல்வது எம்ஆர்ஐ. இங்கேதான் எங்களுக்கு ஒரு தப்பு நடந்தது. சீட்டில் "எம்ஆர்ஐ பிரெஸ்ட்" என்று மட்டும் இருந்ததால் ஸ்கேன் சென்டரில் புற்றுநோய்க்கு எடுக்கிற மாதிரி, ஊசி மருந்து போட்டு எடுத்துவிட்டார்கள். இம்பிளான்ட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சிலிகானைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வேறு முறை இருக்கிறது, அதற்கு அந்த ஊசியே தேவையில்லை. இரண்டாவது முறை பணம் கட்டினோம். ஆகவே சீட்டிலேயே "இம்பிளான்ட் கிழிசல் பார்க்க" என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். புக் பண்ணும்போதும், உள்ளே போகும்போதும் மறுபடி சொல்லுங்கள்.

இம்பிளான்ட்டின் கிழிந்த வெளி ஓடு ஜெல்லுக்குள் மிதப்பதை எம்ஆர்ஐ படத்தில் அந்த டாக்டர் எங்களுக்குக் காட்டினார். சிக்கிக்கிடக்கிற இடியாப்ப இழை மாதிரி, வெள்ளைக்குள் கறுப்புக் கோடுகள். அதுவரை "கற்பனை பண்றியோ" என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு நிறுத்தினார்கள்.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க நேர்ந்தால் இம்பிளான்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைப் பின்னால் தள்ளிவிட்டு எடுக்க வேறு விதமாக நிற்க வைப்பார்கள்.

4. உறையை எடுப்பதா, விடுவதா

டாக்டரோடு அதிக நேரம் பேச வேண்டிய விஷயம் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த அந்நியப் பொருள் உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்ளும். டாக்டர்கள் இதைக் கேப்சூல் என்பார்கள். அநேகம் பேருக்கு அது மெல்லிசாக, தொந்தரவில்லாமல் இருக்கும். சிலருக்கு அது தடித்துச் சுருங்கி இம்பிளான்ட்டை நெரிக்கும். இந்த இறுக்கத்தை பேக்கர் அளவு என்று நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் மார்பு மெத்தென்று இருக்கும். மூன்றில் கெட்டியாகி உருவம் கோணும். நான்கில் வலியும் சேரும். அக்காவுக்கு நான்கு.

இணையத்தில் தேடினால் "என் பிளாக்" என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வரும். உறையைத் திறக்காமல், இம்பிளான்ட்டோடு சேர்த்து, சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் எடுப்பது அது. பிஐஏ-ஏஎல்சிஎல் உறுதியானவர்களுக்கு அதுதான் சிகிச்சை, அதில் சமரசம் கூடாது. மற்றவர்களுக்கு அது கட்டாயம் இல்லை. உறை தசைக்கு அடியில், விலா எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். வீம்பாகச் சுரண்டி எடுத்தால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு கிழிந்து காற்றுப் புக வாய்ப்புண்டு. ரத்தக் கசிவு கூடும், வெட்டும் நீளமாகும். மெல்லிசான நல்ல உறையைப் பகுதியாகவோ முழுதாகவோ உள்ளேயே விட்டுவிடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். தடித்தது, சுண்ணாம்பு படிந்தது, கிழிந்த ஜெல் ஊறியது என்றால் எடுப்பதே நல்லது.

"என் பிளாக் மட்டுமே செய்வோம், மற்றதெல்லாம் அரைகுறை" என்று விளம்பரம் செய்கிற இடங்களில் ஜாக்கிரதையாக இருங்கள். பயத்தை வைத்து நடக்கிற வியாபாரம் அது. அதே மாதிரி, "உறையைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்க" என்று வாயை அடைக்கிறவரும் வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: என் உறை எப்படி இருக்கிறது, எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள், உள்ளே போய்ப் பார்த்து முடிவு மாறினால் எதை வைத்து மாற்றுவீர்கள், எடுத்த திசுவை பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா. உறையில் மிக அரிதாக வேறு லிம்போமாக்களும் செதிள் செல் புற்றும் பதிவாகியிருப்பதாக 2022 செப்டம்பரில் எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. ஆகவே சந்தேகப்படும்படியாக எது தெரிந்தாலும் லேபுக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

5. உடம்பு முழுக்கத் தொந்தரவு இருப்பவர்களுக்கு

எந்நேரமும் அசதி, மூட்டுவலி, முடி கொட்டுதல், தோலில் தடிப்பு, ஞாபகம் மங்குவது. இவை இம்பிளான்ட்டால் வருகின்றன என்று உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் சொல்கிறார்கள். இதற்கு "பிரெஸ்ட் இம்பிளான்ட் இல்னெஸ்" என்று பெயரும் வந்துவிட்டது. ஆனால் இதுதான் என்று உறுதிப்படுத்த எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அதனாலேயே பல டாக்டர்கள் தட்டிக்கழிக்கிறார்கள். தட்டிக்கழிப்பது தப்பு. பரிசோதனை இல்லை என்பதால் அந்தப் பெண் படுகிற அவஸ்தை இல்லாமல் போய்விடாது. 2021 அக்டோபரில் எஃப்டிஏ இம்பிளான்ட்டோடு வரும் விவரக்குறிப்பில் போடச் சொன்ன கட்டம் கட்டிய எச்சரிக்கையிலேயே இந்த உடல்நலத் தொந்தரவுகளும் இடம்பெற்றிருக்கின்றன.

அதே சமயம், இந்த அறிகுறிகள் எல்லாம் தைராய்டுக்கும், ரத்தசோகைக்கும், பி12 குறைவுக்கும், மாதவிடாய் நிற்கும் காலத்துக்கும், முடக்குவாதத்துக்கும் பொதுவானவை. ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி, பி12, சர்க்கரை ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். மூட்டு வீக்கமோ தோல் மாற்றமோ இருந்தால் ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, வாத நோய் டாக்டர்) ஒருவரையும் பாருங்கள். எடுத்த பிறகு தைராய்டுதான் காரணம் என்று தெரியவந்தால் மனசு உடைந்துபோகும்.

ஒரு நோட்டு போட்டு எழுதுங்கள்: இம்பிளான்ட் வைத்த மாதம், எந்த அறிகுறி எப்போது ஆரம்பித்தது, எப்போது கூடுகிறது. "எனக்கு எல்லாமே வலிக்குது டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். எடுத்த பிறகு இந்தத் தொந்தரவுகள் குறைந்ததாகப் பலர் சொல்கிறார்கள். 2022ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உறையை முழுதாக எடுத்தவர்களுக்கும் பகுதியாக எடுத்தவர்களுக்கும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்று உத்தரவாதம் கொடுக்கிற டாக்டரை மட்டும் நம்பாதீர்கள்.

6. எடுத்த பிறகு மார்பு எப்படி இருக்கும்

இதைப் பேச வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பிறகு கண்ணாடி முன்னால் அழ நேரும். இம்பிளான்ட் பல வருஷம் தோலை இழுத்து வைத்திருக்கும், உள்ளே இருக்கும் மார்பகத் திசுவையும் அழுத்தி மெலிய வைத்திருக்கும். எடுத்ததும் தொங்கலாகவோ குழி விழுந்தோ தெரியும். முதல் சில வாரத்தில் பார்ப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், உருவம் படிய ஆறு மாதமாவது ஆகும்.

சும்மா எடுத்துவிட்டு விடலாம். தொங்கலைத் தூக்கித் தைக்கலாம். வயிறு, தொடையிலிருந்து கொழுப்பெடுத்து நிரப்பலாம். புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்கள் முதுகு அல்லது வயிற்றுத் திசுவை வைத்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம், அது பெரிய ஆபரேஷன். அல்லது தட்டையாகவே விட்டுவிடலாம். அக்கா தட்டையைத்தான் கேட்டாள். அப்படியானால் "மடிப்பு, மிச்சத்தோல் இல்லாமல் தட்டையாகத் தைத்துவிடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பின்னால் மனசு மாறி மறுபடி வைத்துக்கொள்வீர்களோ என்று தோலைக் கொஞ்சம் மிச்சம் விட்டுத் தைத்துவிடக்கூடும். ரேடியேஷன் எடுத்த தோல் மெதுவாகத்தான் ஆறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

7. பணமும் இன்சூரன்சும்

"காஸ்மெட்டிக், கவர் ஆகாது" என்பதுதான் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் முதல் பதில். அதோடு போனை வைத்துவிடாதீர்கள். எல்லா பாலிசியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய விலக்குகளில் எக்ஸ்க்ளூஷன் 08 என்று ஒன்று இருக்கிறது. அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பதுதான் அது. ஆனால் அதே வரியிலேயே விதிவிலக்கும் இருக்கிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு, அல்லது நேரடியான உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சை. அவசியம் என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று தர வேண்டும்.

எனவே எல்லாம் அந்தச் சான்றில்தான் இருக்கிறது. "பேஷன்ட் விருப்பப்படி இம்பிளான்ட் நீக்கம்" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. கிழிந்திருப்பது எம்ஆர்ஐயில் தெரிந்தது, பேக்கர் நான்காம் நிலை இறுக்கம், வலி, நீர் கோத்தது என்று உள்ளதை உள்ளபடி, தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் வைத்தது புற்றுநோய்க்குப் பிறகு என்றால் அந்தப் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் இணையுங்கள். இல்லாததை எழுதச் சொல்லக் கூடாது. அது மோசடி, பின்னால் பாலிசியே போய்விடும்.

முன் அனுமதி கேட்டு மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் கொடுத்து 30 நாள் பாருங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) ஒரு வருஷத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. எங்களுக்கு முதல் தடவை மறுத்தார்கள், டாக்டர் சான்றைத் திருத்தி அனுப்பியதும் அனுமதித்தார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் மருத்துவமனையிலேயே இருக்கும் திட்ட மேசையில், உங்கள் சிகிச்சை பட்டியலில் எந்தப் பெயரில் வருகிறது என்று கேளுங்கள். சொந்தப் பணத்தில் செய்பவர்கள் எஸ்டிமேட்டைப் பிரித்து வாங்குங்கள்: சர்ஜன், மயக்க மருந்து, தியேட்டர், ரூம், பயாப்ஸி. பயாப்ஸி செலவு பெரும்பாலும் பேக்கேஜில் வராது.

8. கையெழுத்துப் போடும் முன்

ஒப்புதல் படிவத்தில் என்ன எடுக்கப் போகிறார்கள், உறை என்ன ஆகும், புது இம்பிளான்ட் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வயது வந்த பெண்ணின் சம்மதம் அவருடையதே, கணவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. நோயாளியிடம் கேட்காமல் தாயாரின் சம்மதத்தோடு உறுப்புகளை எடுத்த ஒரு வழக்கில் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது.

சாப்பிடுகிற எல்லா மருந்தையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின், டாமாக்சிஃபென், மீன் எண்ணெய் மாத்திரை மட்டுமில்லாமல் நாட்டு மருந்துக் கடையில் வாங்கின லேகியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். எடுத்த இம்பிளான்ட்டை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். குறைந்தது அதன் முன்பக்கம், பின்பக்கம், நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுத்துக் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

9. ஆபரேஷனும் வீட்டு நாட்களும்

பெரும்பாலும் முழு மயக்கத்தில்தான் செய்வார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். உறையை எடுத்தவர்களுக்கு அக்குளுக்குக் கீழே, உள்ளே ஊறும் நீரை வெளியே எடுக்க ஒரு டிரெயின் டியூபும் அதன் நுனியில் ஒரு சிறு பாட்டிலும் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். அக்கா வீட்டில் காலண்டர் தாளின் ஓரத்தில்தான் கணக்கு: 70, 55, 40, 28. பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள். முதல் நாள் சிவப்பாக இருப்பது போகப்போக இளமஞ்சளாகும். திரும்பவும் அடர்சிவப்பானால் போன் செய்யுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மளமளவென்று வீங்கினால், மூச்சு முட்டினால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நான்கிலிருந்து ஆறு வாரம் குடம் தூக்குவது, மாவுப் பாத்திரம் இறக்குவது, ஸ்கூட்டர் ஓட்டுவது, டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் வேண்டாம். அதற்காகக் கையைக் கட்டிப்போட்டு வைத்தால் தோள் இறுகிவிடும், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு வாங்கி வையுங்கள். அக்குளில் நெறிக்கட்டுகளை (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தவர்கள் அந்தக் கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ விடாமல் மறு கையைக் காட்டுங்கள்.

மனசும் தனியாக ஆற வேண்டியிருக்கும். வேண்டி விரும்பி எடுத்தவர்களுக்கே முதல் கட்டுப் பிரிக்கும் நாள் கலங்கிப்போகிறது. பேச ஆள் வேண்டுமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

10. தையல் ஆறிய பிறகு

பயாப்ஸி ரிப்போர்ட் வரும்வரை வேலை முடியவில்லை. "நார்மல்தாம்மா" என்று போனில் சொன்னாலும் தாளைக் கையில் வாங்குங்கள்.

இம்பிளான்ட்டால் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் அதைப் பதிவு செய்ய இந்தியாவில் இடம் இருக்கிறது. மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைத் தொகுக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015லிருந்து நடக்கிறது, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. டாக்டர் மூலமாகவும் தெரிவிக்கலாம், நீங்களே 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டும் தெரிவிக்கலாம். மாடல், சீரியல் நம்பர், வைத்த தேதி, எடுத்த தேதி, என்ன நடந்தது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிஐபி விஷயமே புகார்கள் சேர்ந்து சேர்ந்துதான் வெளியே வந்தது.

மருத்துவமனை மேல் புகார் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். இங்கேயும் முதல் படியில் சேர்த்த காகிதம்தான் பேசும்.

இம்பிளான்ட் போனாலும் மார்பகப் பரிசோதனை போகாது. மார்பகத் திசு இருப்பவர்கள் வழக்கமான மேமோகிராமைத் தொடர வேண்டும். புதிய தழும்பும், உள்ளே விட்ட உறையின் மிச்சமும், படிந்த சுண்ணாம்பும் படத்தில் புதுக் கட்டி மாதிரி காட்டிப் பயமுறுத்தலாம். அதனால் அடுத்த முறை போகும்போது எடுத்த ஆபரேஷனின் நோட்ஸையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கொண்டுபோய், ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே நீட்டுங்கள். அக்கா இப்போதும் அதே மஞ்சப்பையைத்தான் எடுத்துப் போகிறாள், உள்ளே எல்லாம் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கிறது.